ரன்: ஓடுமா, ஓட்டுமா, நடத்துமா?

இந்த முறை ஆங்கிலப் பாடத்துக்கு ஒரே ஒரு வினைச்சொல்தான். அதுவும் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கே தெரிஞ்ச சொல்: ‘ரன்’. ஓடு, அவ்வளவுதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீங்க. கீழே இருக்கிற மூணு வாக்கியத்தையும் ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க.

ஹீ ரன்ஸ் டு த டெம்பிள்.
ஹீ ரன்ஸ் பாஸ்ட் த டெம்பிள்.
ஹீ ரன்ஸ் த டெம்பிள்.

முதல் ஆள் கோயிலுக்கு ஓடுகிறார். இரண்டாவது ஆள் கோயிலைத் தாண்டி ஓடுகிறார். மூன்றாவது ஆள் ஓடவே இல்லை. அவர் வேட்டி கட்டிக்கொண்டு அலுவலக அறையில் உட்கார்ந்து ரசீதுப் புத்தகத்தைச் சரிபார்த்துக்கொண்டு இருக்கிறார். கோயிலை நடத்துபவர் அவர்தான். நடுவில் இருந்த ஒரு குட்டிச் சொல் போனதும் அர்த்தமே தலைகீழாகிவிட்டது. (2011-ல் வந்த ‘டெம்பிள் ரன்’ விளையாட்டில் குரங்குக்குப் பயந்து ஓடி வளர்ந்தவர்கள் நாம். அங்கே ‘ரன்’ பெயர்ச்சொல், அதை இங்கே சேர்க்க வேண்டாம்.)

ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதிக்காரர்கள் இந்தச் சொல்லைத் திருத்தி எழுதியபோது, வினைச்சொல்லாக மட்டும் இதற்கு 645 பொருள் கண்டார்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதத்துக்கு மேல் போராடியிருக்கிறார். 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற சொல்தான் முதலிடத்தில் இருந்தது. இப்போது அந்த இடம் ‘ரன்’னுக்கு. 645-ஐயும் மனப்பாடம் பண்ண யாராலும் ஆகாது. இணையத்தில் கிடைக்கிற ‘ரன்னுக்கு 50 அர்த்தங்கள்’ மாதிரி பட்டியலும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அதைப் படிச்சால் தேர்வு முடிந்த அன்றைக்கே மறந்துபோகும். அதைவிட நல்ல சாவி ஒன்று நம்ம கையிலேயே இருக்கு. தமிழ்ப்பள்ளியில் படிச்ச தன்வினை, பிறவினை ஞாபகம் இருக்கா?

ஓடு, ஓட்டு. நட, நடத்து. இயங்கு, இயக்கு. ஒருவர் தானே செய்தால் தன்வினை, இன்னொன்றைச் செய்ய வைத்தால் பிறவினை. தமிழ் இதற்காகச் சொல்லின் உருவத்தையே மாற்றிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ரன்’ மாறாது. ‘த எஞ்சின் ரன்ஸ்’ என்றால் எஞ்சின் ஓடுகிறது. ‘ஷீ ரன்ஸ் த எஞ்சின்’ என்றால் அவள் எஞ்சினை ஓட்டுகிறாள், இயக்குகிறாள். சொல் ஒன்றுதான், வேலை இரண்டு. எந்த வேலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ‘ரன்’னுக்கு அடுத்தாற்போல் என்ன இருக்கிறது என்று பாருங்க. ‘டு’, ‘பாஸ்ட்’, ‘த்ரூ’ மாதிரி ஒரு குட்டிச் சொல்லோ, அல்லது ஒன்றுமே இல்லாமலோ இருந்தால் பெரும்பாலும் தன்வினை. நேராக ஒரு பொருளோ அமைப்போ வந்து உட்கார்ந்தால் பெரும்பாலும் பிறவினை. ‘ரன்ஸ் த டெம்பிள்’ அப்படித்தான் ‘நடத்து’ ஆனது. விலக்கு உண்டு: ‘ரேன் ஃபைவ் கிலோமீட்டர்ஸ்’ என்றால் யாரும் கிலோமீட்டரை நடத்தவில்லை, அது தூரம். ‘ரேன் எ ரெட் லைட்’ என்றால் சிவப்பு விளக்கை மதிக்காமல் போனது. இப்படிச் சிலதைத் தள்ளிவைத்தால் மீதிக்கு இந்தச் சாவி நன்றாகவே திறக்கும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச செய்தி ஒன்று. ஆங்கிலமும் ஒரு காலத்தில் நம்மைப் போலத்தான் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’ என்று ஒரு சொல். தானே ஓடுவது, தண்ணீர் பாய்வது அதன் பொருள். ‘ஏர்னன்’ என்று அதற்கு உறவான இன்னொரு சொல். குதிரையை ஓட்டிக்கொண்டு போவது, ஓட வைப்பது அதன் பக்கம். அப்படியே ஓடு, ஓட்டு மாதிரி. பிறகு வந்த நூற்றாண்டுகளில் இரண்டும் உருவத்தில் நெருங்கி ஒன்றாகக் கலந்து ‘ரன்’ ஆகிவிட்டது. அதாவது நாம் இன்னும் கைவிடாத ஒரு வித்தியாசத்தை ஆங்கிலம் வழியிலே தொலைத்துவிட்டது. தமிழ் வழியில் ஆறு வருஷம் படித்தவன் ஆங்கிலத்தில் பின்தங்கியே இருப்பான் என்று சொல்கிற அங்கிள்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அடுத்த முறை அவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்க.

பாய்வது என்ற அந்தப் பழைய பொருள் இன்றும் போகவில்லை. ‘ரன்னிங் வாட்டர்’ என்றால் ஓடுகிற தண்ணீர். குழாயைத் திறந்து கை கழுவுவதற்கும் இதே சொல்தான். நம்ம ‘ஓடை’ எப்படி ‘ஓடு’விலிருந்து வந்ததோ, அதே மாதிரி அமெரிக்காவில் சிற்றோடைக்கு ‘ரன்’ என்றே பெயர். அவர்களின் உள்நாட்டுப் போரில் 1861-ல் நடந்த ‘புல் ரன்’ சண்டைக்கு வெர்ஜீனியாவில் இருக்கிற ஓர் ஓடையின் பெயர்தான் வந்தது. மாடு ஒன்றும் ஓடவில்லை.

சரி, ஓட்டம் என்றால் வேகம் என்று யார் சொன்னது? நம்ம தேரோட்டத்தைப் பாருங்க. தைப்பூசத்துக்கு கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படுகிற வெள்ளி ரதம் பத்துமலைக்குப் போய்ச்சேர சுமார் 15 கிலோமீட்டர் பல மணி நேரம் நகர்கிறது. கூடவே நடந்து போகிறவர் தேங்காய் உடைக்கிற இடத்தில் நின்று, தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்து, மறுபடியும் வந்து சேர்ந்துகொள்ளலாம். அதையும் நாம் ‘ஓட்டம்’ என்றுதான் சொல்கிறோம். ஏனென்றால் ஒரு பாதையைப் பிடித்துத் தொடர்ந்து போவதுதான் இங்கே பொருள், வேகம் இல்லை. ‘ரன்’னுக்கும் அடி ஆழத்தில் இதே பொருள் இருக்கிறது. பஸ் ஓடுகிறது, படம் 100 நாள் ஓடுகிறது. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ அப்படியே பொருந்தும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை ‘ரன்ஸ்’ என்பார்கள். சாலை நகரவே இல்லை, ஆனால் கண் அதன் வழியே போகிறது. தமிழில் நாமும் ‘ரோடு ஜொகூர் வரைக்கும் போகுது’ என்கிறோம். ஒன்றை மட்டும் கவனிக்கணும்: தேரோட்டத்தை ‘சேரியட் ரன்’ என்று அழைப்பிதழில் போடாதீங்க. வெளியாள் படித்தால் மாரத்தான் என்று நினைத்து காலணி போட்டுக்கொண்டு வந்துவிடுவார். அதற்கு ‘சேரியட் ப்ரொசெஷன்’தான்.

ஆனால் தேரோடு சேர்ந்த இன்னொரு சொல்லுக்கு ‘ரன்’ கச்சிதம். புதுத் தேர் செய்ததும் சாமியை எழுந்தருளச் செய்வதற்கு முன்னால் வெறும் தேரை இழுத்துப் பார்ப்பார்களே, வெள்ளோட்டம்? அதுதான் ‘ட்ரையல் ரன்’, ‘டெஸ்ட் ரன்’. புது இயந்திரத்தைச் சரக்கு போடாமல் ஓட்டிப் பார்ப்பதையும் எங்கள் துறையில் இப்படித்தான் சொல்வார்கள். ‘டெஸ்ட் ரன்’ என்பதைத் திருப்பிப் போட்டு ‘ரன் எ டெஸ்ட்’ என்றால் மட்டும் அர்த்தம் வேறு. அது சோதனை ஒன்றைச் செய்வது.

அமைப்பு, கடை, பள்ளி என்று வரும்போதுதான் வேடிக்கை. ஆங்கிலத்தில் கடை ஓடுகிறது, நமக்கு நடக்கிறது. ‘ரன் எ ஷாப்’ என்பதைத் தமிழில் கடை நடத்துவது என்போம். மலாய்க்காரர்களும் நம்ம பக்கம்தான். வியாபாரம் செய்வதை ‘மெஞ்சாலான்கான்’ என்கிறார்கள், உள்ளே இருப்பது ‘ஜாலான்’, நட. நாமும் கடையை ‘ஓட்டு’வது உண்டு, ஆனால் அதன் தொனி வேறு. ‘ஏதோ கடைய ஓட்டிக்கிட்டு இருக்கேன்’ என்று ஒருவர் சொன்னால் வாடகை கட்டவே சிரமப்படுகிறார் என்று நமக்குப் புரியும். ஆங்கில ‘ரன்’னில் அந்தப் பெருமூச்சு கிடையாது. ‘வீ ரன் வீக்லி தேவாரம் கிளாசஸ்’ என்று நன்கொடைக் கடிதத்தில் தைரியமாக எழுதலாம். வாரந்தோறும் தேவார வகுப்பு நடத்துகிறோம் என்பதுதான் பொருள். நீட்டி முழக்கி எழுதுவதைவிட அந்த ஒரு சொல் நன்றாகவே நிற்கும்.

இப்போது கொஞ்சம் ஆபத்தான இடத்துக்கு வருவோம். தண்ணீர் பம்ப் ஒன்றின் மேல் ‘டூ நாட் ரன் ட்ரை’ என்று ஒட்டியிருப்பார்கள். வார்த்தைக்கு வார்த்தை படித்தால் ‘காய்ந்து ஓடாதே’. ஒன்றும் புரியாது, புரியாததால் நாம் கண்டுகொள்ளவும் மாட்டோம். இங்கே நம்ம சாவியும் முதல் முயற்சியில் திறக்காது. எச்சரிக்கை வாசகங்களில் இடத்தை மிச்சப்படுத்த, எதைச் செய்யணுமோ அந்தப் பொருளை விட்டுவிடுவார்கள். ‘பம்பை’ என்று நாமே சேர்த்துக்கொண்டால் பிறவினை வெளியே வரும்: தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட்டாதே. ஏன்? பம்புக்குள் சுழலும் தண்டைச் சுற்றி ‘மெக்கானிக்கல் சீல்’ என்ற பாகம் இருக்கும். ஒன்றோடொன்று உரசுகிற இரண்டு வளையங்களைக் குளிர வைத்து வழுக்கிக்கொடுப்பது உள்ளே இருக்கிற அந்தத் தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் ஓடினால் வளையங்கள் சூடேறி வெடிப்பு விடும், பிறகு ஒழுகும். அதற்குக் கொஞ்ச நேரமே போதும். தண்ணீர்த் தடை அறிவித்த நாளில் தொட்டி காலியான பிறகும் வீட்டு பம்ப் உறுமிக்கொண்டே இருந்தால் உடனே சுவிட்சை அணையுங்க.

இதே ‘ரன் ட்ரை’ கிணற்றோடு வந்தால் வேறு: ‘த வெல் ரேன் ட்ரை’, கிணறு வற்றிப்போனது. இங்கே ‘ரன்’னுக்கு ஓட்டமும் இல்லை, ஓட்டுவதும் இல்லை. தமிழில் வற்றிப்போ, குறைஞ்சுபோ என்று ஒட்டிக்கொள்ளும் ‘போ’ இருக்கே, அதன் வேலையைத்தான் செய்கிறது. ‘ரன்னிங் லோ’ குறைந்துகொண்டே போவது, ‘ரன்னிங் ஷார்ட்’ போதாமல் போவது, ‘ரன்னிங் லேட்’ தாமதமாகிப் போவது. ‘ரன்’னுக்குப் பின்னால் இப்படி ஒரு பண்புச்சொல் வந்தால் ‘போ’வைப் போட்டுப் பாருங்க, பெரும்பாலும் பொருந்தும்.

கணினி நிரல் எழுதுகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அறிக்கையில் ‘த ப்ரோக்ராம் ரன்ஸ்’ என்று எழுதினால் அது ஓடுகிறது என்று மட்டும்தான் அர்த்தம், விடை சரியாக வருகிறது என்று இல்லை. இரண்டும் இரண்டும் ஐந்து என்று சொல்கிற நிரலும் ஜம்மென்று ஓடும். சரியாக வேலை செய்கிறது என்று சொல்ல ‘வொர்க்ஸ்’ வேண்டும். தமிழில் ‘ஓடுது’, ‘வேலை செய்யுது’ என்று நாம் பிரிக்கிற மாதிரியேதான்.

பம்பைவிட முக்கியமான இடம் மருத்துவமனை. தாத்தா பாட்டியை அழைத்துப்போகும்போது நடுவில் நின்று மொழிபெயர்ப்பது நம்மில் பலருக்குப் பழக்கமான வேலை. டாக்டர் கேட்கிறார், ‘டஸ் டயபெட்டிஸ் ரன் இன் த ஃபேமிலி?’ ‘ஓடு’ மட்டுமே தெரிந்த பிள்ளை திருதிருவென்று விழித்து, பாட்டியைக் கேட்காமலேயே ‘நோ’ என்று சொல்லிவிடலாம். பாட்டியின் இரண்டு அண்ணன்மாருக்கும் இனிப்பு நீர் இருந்திருந்தால்? டாக்டர் கேட்டது அது பரம்பரையாக வருகிற வியாதியா என்று. ஆங்கிலத்தில் ஓடுவது தமிழில் வருகிறது, அவ்வளவுதான். ‘ஹேஸ் ஷீ பீன் ரன்னிங் எ ஃபீவர்?’ என்றால் இந்த நாட்களில் காய்ச்சல் இருந்ததா என்று கேட்கிறார். ‘ரன்னி நோஸ்’ மூக்கு ஒழுகுவது. ‘ஷீ இஸ் ரன் டவுன்’ என்றால் பாட்டியை யாரும் வண்டியால் மோதவில்லை, உடம்பு அசந்து தளர்ந்துபோயிருக்கிறது என்கிறார். ‘வீ வில் ரன் சம் டெஸ்ட்ஸ்’ என்றால் சில பரிசோதனை செய்யப்போகிறோம். இதில் எது புரியாவிட்டாலும் திரும்பக் கேட்கலாம், கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

குட்டிச் சொற்களோடு சேர்ந்து வருவதை ஒரு கூட்டத்தில் வைத்தே பார்த்துவிடலாம். திருமுறை ஓதும் போட்டிக்கான செயற்குழுக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். தலைவர் ‘லெட்ஸ் ரன் த்ரூ த அஜெண்டா’ என்கிறார்: நிகழ்ச்சி நிரலை ஒரு முறை முதலிலிருந்து பார்த்துவிடுவோம். ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் ரைஸ்’ என்கிறார் சமையல் பொறுப்பாளர், அரிசி தீர்ந்துவிட்டது. மண்டபத்தின் அனுமதி வெள்ளிக்கிழமை ‘ரன்ஸ் அவுட்’, அதாவது காலாவதி. பொருளாளர் செலவு ஆயிரக்கணக்கில் ‘ரன்ஸ் இன்டு’ என்கிறார், தொகை அவ்வளவு எட்டுகிறது. அதே ‘ரன் இன்டு’வை ஓர் ஆளோடு வைத்தால் எதிர்பாராமல் சந்திப்பது, சுவரோடு வைத்தால் மோதுவது. ‘ரன் இட் பை மீ ஃபர்ஸ்ட்’ என்று தலைவர் சொன்னால், முடிவு எடுப்பதற்கு முன்னால் என் காதில் போட்டுவிடுங்கள் என்று பொருள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இது உங்கள் காதில் விழும். கூட்டம் சொன்ன நேரத்தைத் தாண்டினால் ‘ரேன் ஓவர்’ (நம்ம கூட்டங்களுக்கு இந்தச் சொல் நிரந்தரமாகத் தேவைப்படும்). தலைவரின் உரையை ஒரு தடவை ‘ரன் ஓவர்’ பண்ணலாம், அது சரிபார்ப்பது. தலைவரையே பண்ணினால் போலீஸ் வரும், அது வண்டியை ஏற்றுவது.

நம்ம நாட்டில் மட்டும் வருகிற ஒரு சிக்கல் இருக்கு. மலாயில் ‘லாரி’ என்றால் ஓடு. சரக்கு ஏற்றுகிற லாரி இல்லை. கட்டுரை தலைப்பை விட்டு விலகினால் மலாயில் ‘லாரி தாஜோக்’. அதை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் ‘யூ ரேன் டாபிக்’ என்று ஆங்கிலத்தில் சொல்கிறோம், எஸ்.பி.எம். கட்டுரையில்கூட எழுதிவிடுகிறோம். அது ‘ஆஃப் டாபிக்’. வொர்க்‌ஷாப்பில் கார் சக்கரம் ‘அலைன்மென்ட் லாரி’ என்பார்கள். ஆங்கிலத்தில் ‘அவுட் ஆஃப் அலைன்மென்ட்’. ‘பட்ஜெட் லாரி’ என்றால் ‘பட்ஜெட் ரன்’ இல்லை, ‘ஓவர் பட்ஜெட்’. ஆனால் துணி சாயம் போவதற்கு மட்டும் ‘த கலர் ரேன்’ என்பது சுத்தமான ஆங்கிலமே. அதைத் தப்பு என்று யாராவது திருத்தினால் விட்டுக்கொடுக்காதீங்க. தமிழிலிருந்து வருகிற தப்பும் உண்டு. ‘மண்டையில ஒண்ணும் ஓடல’ என்பதை ‘நத்திங் இஸ் ரன்னிங்’ என்று சொன்னால் நேர்முகத் தேர்வு எடுப்பவருக்கும் ஒன்றும் ஓடாது. ‘மை மைண்ட் வென்ட் ப்ளாங்க்’ என்று சொல்லுங்க. அதே மாதிரி கார் ‘ஓட்டு’வது ‘ட்ரைவ்’, மோட்டார் சைக்கிள் ஓட்டுவது ‘ரைட்’. ‘ஐ ரன் எ கார்’ என்றும் ஆங்கிலத்தில் உண்டு, ஆனால் அது பெட்ரோல், இன்சூரன்ஸ், டயர் என்று செலவழித்து ஒரு காரை வைத்திருப்பது.

வடிவத்தில் ஒரு இடம்தான் வழுக்கும். ரன், ரேன், ரன். மூன்றாவது வடிவம் மறுபடியும் ‘ரன்’தான். ஆகவே ‘ஹேஸ்’, ‘ஹேவ்’, ‘ஹேட்’ பக்கத்தில் வந்தால் ‘ரேன்’ வரவே கூடாது. ‘கோயில் இன்னாரால் நடத்தப்படுகிறது’ என்று சொல்லவும் அதே மூன்றாவது வடிவம்: ‘இஸ் ரன் பை’.

இனி நீங்களே செய்து பாருங்க. பென்சில் எடுத்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் தன்வினை, பிறவினை என்று முதலில் குறிச்சுட்டு, பிறகு தமிழில் எழுதுங்க.

அ) ஷீ ரேன் த யூத் கேம்ப் ஃபார் த்ரீ இயர்ஸ்.
ஆ) த கேம்ப் ரேன் ஃபார் த்ரீ டேய்ஸ்.
இ) த லிஃப்ட் ரன்ஸ் ஆன் எலெக்ட்ரிசிட்டி.
ஈ) மை க்ராண்ட்மதர் ஹேஸ் ரன் திஸ் ஸ்டால் சின்ஸ் 1998.
உ) த கேம்ப் ரேன் ஓவர் பட்ஜெட்.

விடை: (அ) பிறவினை. அவர் இளைஞர் முகாமை 3 ஆண்டுகள் நடத்தினார். (ஆ) தன்வினை. முகாம் 3 நாள் நடந்தது. (இ) தன்வினை. மின்தூக்கி மின்சாரத்தில் இயங்குகிறது, ‘ஆன்’ வந்தால் எதன் சக்தியில் என்று பொருள். (ஈ) பிறவினை. பாட்டி இந்தக் கடையை 1998 முதல் நடத்திவருகிறார். ‘ஹேஸ் ரேன்’ என்று படித்தவர்கள் மேலே போய் வடிவத்தை இன்னொரு தடவை பாருங்க. (உ) தன்வினை. முகாமின் செலவு திட்டமிட்டதைத் தாண்டிவிட்டது. ஓடியது முகாம்தான், பட்ஜெட் இல்லை.